ழகரம் மாமாவும் ஐந்து ஆல்பங்களும்

என் அக்காவின் கணவருக்குத் தெரு வைத்த பெயர் ழகரம். காய்கறிக் கடைக்காரர் "உருளக்கெளங்கு" என்று சொல்லிவிட்டால் போதும், பையை நீட்ட மாட்டார். "கிழங்கு" என்று வரும்வரை நிற்பார். பின்னால் வரிசை நீளும். "சார், உங்களுக்குக் கிழங்கு வேணுமா, ழானா வேணுமா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டதை அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அவரோடு குடும்பம் நடத்துகிறவள் சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்.

பகலில் மாமா அச்சகத்தில் பிழை திருத்துபவர். சாயங்காலம், நான் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோவில் பாடுகிறவர்களுக்கு உச்சரிப்பு பார்ப்பவர். அந்த இரண்டாவது வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நல்ல காரியம் செய்தேன் என்று அப்போது நினைத்தேன்.

இந்த ஐந்து ஆல்பங்களையும் பாடிய பாடகி எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. குரலைக் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் நாக்கில் ழ கிடையாது, மழையை மளை என்பாள். முதல் ஆல்பமோ மெல்லிசை. வயலின், புல்லாங்குழல், எட்டுப் பாட்டு, அவற்றில் இருபத்தேழு ழ. மாமா எண்ணியே வைத்திருந்தார்.

"நாக்கு நுனியை மேல மடக்கும்மா. அண்ணத்துல தொட்டுட்டா ள. தொடாம உரசிட்டு வந்தா ழ. மச்சினன்கிட்ட பழகுற மாதிரி, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கணும்" என்றார், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. ஒருநாள் சட்டென்று வந்துவிட்டது. அன்று அவள் எங்கள் எல்லோரிடமும் "மழை", "மழை" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள். வாசலில் வாட்ச்மேனிடமும் சொன்னாள். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

ஆல்பத்தின் அட்டையில், கீழே பொடி எழுத்தில் "உச்சரிப்பு" என்று போட்டு மாமாவின் பெயரும் வந்தது. அவர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதில் எழுத்துப் பிழை இல்லை என்பதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

இரண்டாவது ஆல்பம் ராக். கிட்டார் அலறியது, டிரம்ஸ் இடித்தது. மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சத்தம் எக்கேடு கெட்டுப் போகட்டும் மாப்ளே, எழுத்து பொழச்சிருக்கு" என்றார். உண்மைதான். அந்த இரைச்சலுக்குள்ளும் அவள் பாடிய ஒவ்வொரு ழ-வும் சுத்தமாகக் கேட்டது.

மூன்றாவது ஆல்பம் டான்ஸ். கம்ப்யூட்டர் தாளம், புது இசையமைப்பாளர். "அழகே, அழகே" என்று முதல் பாட்டு. முதல் டேக்கிலேயே அவள் அருமையாகப் பாடினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மாமா, இசையமைப்பாளர் மூன்று பேர் இருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மட்டும்.

இசையமைப்பாளர் முகத்தைச் சுளித்தார். "சார், இந்த ழ பாடம் நடத்துற மாதிரி இருக்கு. ல போதும். பசங்களுக்கு இப்ப அதான் ஸ்டைலு. உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, நாளைக்கு வேற ஆளை வெச்சுக்கறேன்."

மாமா துள்ளி எழுந்து செருப்பை மாட்டுவார் என்று நினைத்தேன். கிழங்குக்கே அத்தனை நேரம் நின்ற மனிதர் அல்லவா? அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். அவர் அவளிடம் பேசியது என் ஹெட்போனில் கேட்டது.

"ரொம்பக் கனமா இருக்கும்மா. இந்த வேகத்துக்கு நாக்கைப் பாதி மடக்கினா போதும். கேக்குறவங்க காதுல ழ-வாத்தான் விழும்."

ல என்று பாடு என்று ழகரம் எந்த வாயால் சொல்லும்? அதனால் இப்படிச் சொன்னார். அவள் "சரி சார்" என்று பாதி மடக்கினாள். ல வந்தது. இசையமைப்பாளர் கட்டை விரலை உயர்த்தினார். நான் பதிவு செய்தேன்.

அந்த ஆல்பம் சக்கைப்போடு போட்டது. பேருந்திலும் சலூனிலும் அதே பாட்டு. பிறகு ஒரு வாரப் பத்திரிகை அதைக் கையில் எடுத்தது. "அழகே என்று பாட வேண்டியதை அலகே, அலகே என்று பாடுகிறார். இது காதலிக்கா, கோழிக்கா? இதில் உச்சரிப்புக்கென்று ஒருவர் பெயர் வேறு!" என்று எழுதியிருந்தது. மறுநாள் அச்சகத்தில் மாமாவின் மேசையில் யாரோ கோழிப் படம் ஒன்றை வைத்துவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் அதே பத்திரிகையில் அவருடைய கடிதம் வந்தது. "மூன்று ஆல்பங்களாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் பங்கில் குறையில்லை. அந்தப் பெண்ணின் நாக்கு வளைய மறுக்கிறது. நாய் வாலை நிமிர்த்த யாரால் முடியும்?"

"மாமா, என்ன இது?" என்றேன்.

"மானம் போகுதே மாப்ளே."

பத்திரிகையை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். மாமாவை அன்று மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அக்காவின் முகத்துக்காக வெளியே சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காவது ஆல்பம் ஐந்து வருஷம் கழித்து, வேறு ஸ்டூடியோவில், வேறு ஆட்களோடு தயாரானது. உச்சரிப்பு பார்க்க யாரும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். தாளமே இல்லாத மாதிரி மெதுவான பாட்டுகள், அடங்கிய குரல், அளந்து வைத்த சொற்கள். புதிய பாணி, சிக்கனமான மொழி என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். மாமா மட்டும், "ஏறி வந்த ஏணியை எட்டி உதைச்சுட்டா" என்று அக்காவிடம் புலம்பினார். கொஞ்ச நாளில் தன் கடிதத்தையே மறந்துவிட்டவர் மாதிரிப் பேச ஆரம்பித்தார்.

அதற்கும் ஆறு வருஷம் கழித்துத் தயாரான ஐந்தாவது ஆல்பத்தில் ஒரு பியானோவும் அவள் குரலும்தான். அதன் பாட்டுப் புத்தகம் அச்சுக்கு வந்தது, வேறெங்கும் இல்லை, மாமாவின் அச்சகத்துக்கே. "இன்னைக்கு அவளை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்" என்று சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாராம். மத்தியானம் எனக்குப் போன் வந்தது. "உடனே வா."

போனேன். மை வாசனை, காகிதக் கட்டுகள், அவருடைய சின்ன மேசை. தாள்களில் சிவப்பு மை ஒரு பொட்டுகூட இல்லை.

"மாப்ளே, இதுல ஒரு ழ காட்டு."

தேடினேன். பத்துப் பாட்டு. மேகம் இருந்தது, தூறல் இருந்தது, குடை இருந்தது, மழை இல்லை. காதல் பாட்டு மூன்று, எதிலும் அழகு இல்லை. கண் உண்டு, விழி இல்லை. அப்பா இறந்ததைப் பற்றி ஒரு பாட்டு, அதில் கண்ணீர் வந்தது, தேம்பல் வந்தது.

"அழறதுக்குக்கூட ஒரு ழ வேணும் மாப்ளே. அதையும் விட்டுட்டா" என்றார் மாமா.

நான்காவது ஆல்பத்தின் புத்தகத்தையும் தேடி எடுத்து வந்தேன். அதிலும் ஒன்றுகூட இல்லை. பாட்டு எழுதியவரை எனக்குத் தெரியும், போனில் கேட்டேன். "அவங்க போடுற ஒரே கண்டிஷன் அதுதாங்க. ஏன்னு கேட்டேன். உன் நாக்குக்கு வராதுன்னு என் வாத்தியாரே எழுதிட்டாருன்னு சொன்னாங்க" என்றார்.

ஊரே பாணி என்று புகழ்ந்தது அவளுடைய பயத்தைத்தான். மாமா மேசைக்குப் பின்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். எனக்கே அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"போய்ச் சொல்லிடறேன்" என்றார். "நீயும் வா."

மூன்றாவது மாடியில் அவள் வீடு. வாசலில் குட்டிச் செருப்புகள். மாமாவைப் பார்த்ததும் பதறி எழுந்தாள், நாற்காலியைத் துணியால் தட்டிப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இசையமைப்பாளர் கேட்டது, பாதி மடக்கச் சொன்னது, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கடிதம் எழுதியது, எதையும் மறைக்கவில்லை. "உன் மேல பழி போட்டுட்டேன்மா" என்றபோது உடைந்துபோனார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ, எனக்கு வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா. சுத்தமா வந்துச்சு."

"என் பொண்ணுக்கு ஒரு பேரு நெனச்சு வெச்சிருந்தேன். அதுல அந்த எழுத்து இருந்துச்சு. பெத்தவளுக்கே கூப்பிட வராத பேரு எதுக்குன்னு வேற பேரு வெச்சுட்டேன்."

உள்ளறையில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி, வைக்காமல் விட்ட பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ள-தான் வந்தது. மறுபடி சொன்னாள். பதினோரு வருஷம் பேச்சிலும் பாட்டிலும் தவிர்த்துத் தவிர்த்து, நாக்கு பாதையையே மறந்துவிட்டிருந்தது. மூன்றாம் முறை சொல்லிவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வராத நாக்குன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன் சார்" என்றாள். "வந்த நாக்குன்னு இப்போ சொல்றீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னிக்கு நீங்களும் அங்கதானே இருந்தீங்க? சார் பேசுனது, நான் பாடுனது, ரெண்டுமே உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

கேட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.