எண்ணெய் இறக்கிய காரும் திரும்பி வந்த பெருமாளும்

கார் வாங்கிய நாளிலிருந்தே அம்மா ஒரு விசேஷத்துக்காகக் காத்திருந்தாள். எவர் வீட்டு விசேஷமும் போதாது. திருவெள்ளறையில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டு விசேஷமாக இருக்க வேண்டும். காரணம், அண்ணன் மனைவி, என் அத்தை. அந்த வீட்டில் அம்மா எப்போது இலை முன்னால் உட்கார்ந்தாலும், ரசம் வருவதற்குள் அத்தை ஆரம்பித்துவிடுவார்: "சீக்கிரம் சாப்பிடும்மா, பஸ்ஸ விட்டுறப் போற." கேட்பவர்களுக்கு அது அக்கறை. அம்மாவுக்கு மட்டும் அது 'எழுந்து போ' என்று காதில் விழும். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுப் பாயசத்தை அவள் நிதானமாகக் குடித்ததே இல்லை.

கடைசியில் விசேஷம் வந்தது. அம்மாவின் அண்ணன் புது வீடு கட்டியிருந்தார். ஞாயிறு விடியற்காலை கிரகப்பிரவேசம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கே நெருங்கிய சொந்தமெல்லாம் வந்துவிட வேண்டும். பந்தல் வேலைக்கென்று அப்பா முதல் நாளே போய்விட்டார். சொந்தக் காரில் போய் இறங்குவதற்காக அம்மா வெள்ளிக்கிழமையே புடவையை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் இருந்து கைமாறி வந்த பழைய சின்ன வண்டி. நான் காந்தி மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பைத் தாண்ட என்னால் முடியவில்லையே தவிர, எந்த வேகத்தடையையும் தாண்டிவிடுவேன். வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாற்றியதுதான் இல்லை. என் காரில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் தார் மாதிரி கறுத்து, கம்பியிலிருந்து இறங்கவே யோசித்தது. பாலக்கரைப் பக்கம் போய் எண்ணெயும் ஃபில்டரும் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை ஸ்பேனரோடு வாசலுக்கு வந்ததும் அம்மா வழிமறித்தாள்.

"இன்னைக்கேவாடா? திங்கக்கிழம பாத்துக்கக் கூடாதா?"

"சனிக்கிழம எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லி என்னை மட்டும் விரட்டுற. வண்டிக்கும் இன்னைக்குத்தான்."

"அது ஆம்பளைங்களுக்குடா."

"இதுவும் ஆம்பளதாம்மா. சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல பாரு."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் அங்க இருக்கணும். இல்ல, ஒனக்கு ராத்திரிச் சாப்பாடு இல்ல."

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில். இந்த வீதியில் வண்டி நிறுத்துகிறவர்கள் போலீஸைப் பார்ப்பதைவிடப் பெருமாளைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். உற்சவ நாட்களில் அவர் எப்போது எழுந்தருளுகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அன்றும் உற்சவம்தான். அதனால் புத்திசாலித்தனமாகக் காரைப் பக்கத்துச் சந்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். காலையில் பல்லக்கு வந்தது, கற்பூரம் காட்டினோம், போயிற்று. வீதி காலியானதும் காரைக் கொண்டுவந்து, முன் சக்கரம் இரண்டையும் வாசல் சரிவில் ஏற்றினேன். பின்பாதி வீதியில் நீட்டிக்கொண்டு நின்றது. பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். கை பிரேக்கை நம்பியவன் கரை சேரமாட்டான்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கி, அணைத்துவிட்டு அடியில் படுத்தேன். அம்மா துணி ஊறவைக்கும் நீல டப்பைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். அடியில் இருந்த போல்ட்டைத் தளர்த்தி விரலால் சுற்றியதும், அது கையை விட்டு நழுவி டப்புக்குள் விழுந்தது. பின்னாலேயே எண்ணெய், முழங்கை வரை. ஃபில்டர் அதைவிட மோசம். டாக்டர் வீட்டு மெக்கானிக் அதைக் காலத்துக்கும் சேர்த்து இறுக்கியிருந்தான். கையால் திருகினால் வழுக்கியது. கடைசியில் என் பழைய ஸ்கூல் பெல்ட்டை அதன்மேல் சுற்றி இழுத்தேன். முனகிக்கொண்டே திரும்பியது. பள்ளிக்கூடம் போனதில் எனக்குக் கிடைத்த முழுப் பயன் அதுதான்.

ஃபில்டரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மார்பில் பதக்கம் குத்திக்கொண்டவன் மாதிரி படுத்துக் கிடந்தேன். அப்போதுதான் மாடியிலிருந்து சத்தம் வந்தது. மாடியில் குடியிருப்பவர் வீட்டுக்காரர், ஐயங்கார் மாமா.

"டேய்! வண்டிய எட்றா! பெருமாள் எழுந்தருளறார்!"

"காலையிலயே போயிட்டாரே மாமா."

"போனவர் திரும்பி வர மாட்டாரா? மண்டபத்துல திருமஞ்சனம் ஆச்சு, ஆஸ்தானத்துக்குத் திரும்பிண்டிருக்கார். அவர் என்ன ஒன்-வேயிலயா போறார்?"

ஸ்ரீரங்கத்தில் பிறந்த ஒருவன் செய்யக் கூடாத தப்பு அது. போவதைப் பார்த்தவன் வருவதை மறந்திருந்தேன். அடியிலிருந்து தலையை நீட்டினால், வீதி முனையில் குடை தெரிந்தது. நாகஸ்வரம் கேட்டது.

அம்மா உள்ளிருந்து ஓடிவந்தாள். "ஸ்டார்ட் பண்ணி எடுடா!"

"ஒரு சொட்டு எண்ணெய் உள்ள இல்லம்மா. ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் இறுகி நின்னுடும். அப்புறம் நீ பஸ்ஸுதான்."

பஸ் என்றதும் அம்மா முகம் மாறியது. புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். "அப்ப தள்ளு."

தள்ளலாம். சந்து நாலு வீடு தள்ளித்தான். ஆனால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? மாமா படி இறங்கி வந்துவிட்டார், பன்னிரண்டு திருமண்ணும் பஞ்சகச்சமுமாக. பெருமாளை எதிர்கொள்ளத் தயாராக இருந்தவர்.

"எனக்குச் சைக்கிளே வராதுடா. நான் தள்றேன்," என்றார்.

ஆக, வாழ்க்கையில் முதல் தடவையாக என் அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

போல்ட்டை டப்புக்குள் துழாவி எடுத்துத் திருகினேன். ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு பழைய பனியனை அடைத்தேன். டப்பை வீட்டுக்குள் இழுத்துவிட்டுச் செங்கல்லை உருவினேன். கார் தானாகவே பின்னால் உருண்டு நடுவீதிக்குப் போய் நின்றது. இனிமேல் முன்பக்கமாகத் தள்ள வேண்டும்.

"ம்மா, இடது பக்கம் ஒடி!"

"எது இடது?"

"சாப்பிடாத கை!"

கார் நகர்ந்தது. மாமா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே மூச்சுக்கு ஒரு முறை "ரங்கா, ரங்கா" என்றார். அவர் பெருமாளைக் கூப்பிட்டாரா, இவ்வளவு அவசரமாக வர வேண்டாம் என்று கெஞ்சினாரா தெரியவில்லை. முன்னால் வந்த கோஷ்டியில் இருந்து இரண்டு பேர், பாசுரத்தை நிறுத்தாமலே எங்களோடு தோள் கொடுத்தார்கள். அவ்வளவு சுத்தமான தமிழுக்கு நடுவில் தள்ளப்பட்ட கார், ஊரிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சந்து ஏற்றமாக இருந்ததால், உள்ளே நுழைத்ததும் அம்மாவைப் பிரேக்கை மிதித்தபடி இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கல்வீதியில் பாம்பு போன மாதிரி கறுப்பாக ஒரு கோடு. பனியன் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. பல்லக்கைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள்.

"மண்ணு! எதிர் வீட்டு மண்ணு!" என்று மாமா கத்தினார்.

எதிர் வீட்டில் கட்டட வேலைக்காக மணல் கொட்டியிருந்தது. நான் வாளியில் அள்ளி அள்ளிக் கொட்ட, மாமா காலால் தேய்த்துப் பரப்பினார். அவருடைய வெள்ளைப் பஞ்சகச்சம் முழங்கால் வரை என் எஞ்சினின் நிறத்துக்கு வந்திருந்தது. கடைசி வாளி விழுந்தபோது முதல் கால் அந்த இடத்தை மிதித்தது. வழுக்கவில்லை. அந்தக் கால்கள் மொத்தமும் கடந்து போகும் வரை நான் பெருமாளின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாள் பாதம் இல்லை, தூக்கினவர்கள் பாதம்.

சந்துக்குள் அம்மா சீட்டிலேயே உட்கார்ந்து, கண்ணாடி வழியே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்கி சேவிக்கப்படாதோ?" என்றார் மாமா.

"பிரேக்கிலேந்து கால எடுத்தா வண்டி மறுபடி வீதிக்கே வந்துடும், சாமி. என்ன பண்ணச் சொல்றீங்க?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அமுத்திண்டே சேவிங்கோ."

பிறகு சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சந்திலேயே வேலை தொடர்ந்தது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெயைத் தடவி, பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் டோல்கேட் தாண்டுவதற்குள் எண்ணெய் முழுக்க ரோட்டுக்குப் போயிருக்கும். உரித்து எடுத்துவிட்டுப் புதியதைக் கையாலேயே இறுக்கினேன். அடி போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கி, மேலே எண்ணெயை ஊற்றினேன். தேன் நிறத்தில் இறங்கியது.

"அந்தப் பழைய எண்ணெயக் கொட்டிடாதே," என்றார் மாமா. "நம்ம கொல்லைக் கதவுல கரையான் ஏறிண்டிருக்கு."

"பாதி உங்க வேட்டியிலயே இருக்கு மாமா. கதவுல தேச்சுக்குங்க."

"படவா!" என்று கையை ஓங்கினார். எண்ணெய் ஒட்டிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும், அடிக்கவில்லை.

சாவியைத் திருகினேன். அம்மா பக்கத்துச் சீட்டில், புதுப்புடவையில், கையைக் கூப்பி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் பிடித்தது. ஆனால் எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கு அணையவில்லை. அம்மாவும் அதையே பார்த்தாள், நானும் அதையே பார்த்தேன். பொசுக்கென்று அணைந்தது.

"என்னடா அது?"

"பெருமாள் கண்ண மூடி சரின்னுட்டாரும்மா."

அடியில் குனிந்து சொட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினோம். கொள்ளிடம் பாலம், டோல்கேட், மண்ணச்சநல்லூர் என்று போய்க்கொண்டே இருந்தோம். வழியெல்லாம் எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸையும் நாங்கள் தாண்டும்போது அம்மா லேசாகத் திரும்பி அதற்குள் இருந்தவர்களைப் பார்த்தாள்.

மாமன் வீட்டுப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. நான் இறங்கப் போனேன்.

"உக்காரு," என்றாள் அம்மா. "ஹாரன அடி."

அடித்தேன்.

"இன்னொரு தடவ. நல்லா அழுத்தி."

அழுத்தினேன். பந்தலுக்குள்ளிருந்து தலைகள் நீண்டன. அப்பா கையில் தண்ணீர்ச் சொம்போடு திகைத்து நின்றார். அவருக்குப் பின்னால் அத்தை, கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார், என் கறுத்த கைகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அசையவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்து கதவைத் திறக்கும் வரை அவள் இறங்கவே இல்லை.