காந்தன் யார் என்று கேட்ட அஞ்சலை

"...அந்தக் காந்தன் யாருன்னு சொல்லாம நான் இங்கேருந்து நகர மாட்டேனுங்க!"

சொன்னவர் அஞ்சலை அக்கா. எங்கள் சோதனை ஷெட்டுக்குப் பின்னால் ரெண்டு மா குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். அறுவடையை விட்டுவிட்டு, கருக்கரிவாளோடு வந்து, நாங்கள் தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு உள்ளே நின்றார். பக்கத்தில் கரண்டைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர் வரிசை, முழு சார்ஜில். பட்டனை அழுத்தியிருந்தால் அரிவாள் கையைவிட்டுப் பறந்திருக்கும்.

நான் வலங்கைமானில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியவன். படிப்பு எட்டாம் கிளாஸ். கைவேலை சுத்தம் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துக் காலேஜ் புரொபசர் ஒருவர் கூட்டிப்போனார். செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, எபாக்ஸிப் பசை ஊற்றிக் காயவைப்பேன். அதில் கண் சிமிட்டும் நேரத்துக்குப் பெரிய கரண்டை விட்டால் சாதாரணக் காந்தத்தில் கிடைக்காத பலம் கிடைக்கும். காயில் தாங்கினால் அளவு எடுப்பார்கள். தாங்காவிட்டால் வெடிக்கும்.

"சத்தம் கேட்டு மிரளப் போறாங்க, தமிழ்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுப்பா" என்றார் புரொபசர். ஆபீசெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எனக்கும் தமிழில் ஒரு கிறுக்கு. அகராதியைப் புரட்டி எழுதினேன்: "வியாழக்கிழமை காந்தப்புலம் உச்ச அளவுக்குச் சோதிக்கப்படும்."

நில உச்சவரம்புக்குப் பயந்து மிராசுதார்கள் மிச்ச நிலத்தை யார் யார் பேரிலோ எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. புலம் என்றால் ஊரில் வயல்; சர்வே நம்பருக்கே புல எண் என்றுதான் பேர். யாரோ நோட்டீசைப் படித்துக்காட்ட, காந்தன் என்கிற பினாமிக்குத் தன் வயல் போகப்போகிறது என்று அக்கா வந்துவிட்டார்.

"காந்தன்னு யாரும் இல்லம்மா. காந்தப்புலம். கண்ணுக்குத் தெரியாது" என்றார் புரொபசர்.

"தெரியாத புலமா? அப்ப வரப்பு?"

"வரப்பெல்லாம் இல்ல. ஒரு நொடிகூட இருக்காது, மறைஞ்சிடும்."

"அதாங்க சொல்றேன். பினாமி நெலமும் ஆபீசர் வந்தா மறைஞ்சிடும்."

புரொபசர் என்னைப் பார்த்தார். புலம் காயிலுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எனக்கே குழப்பம்.

சார்ஜை இறக்கினோம். அரிவாளை வெளியே வைக்கச் சொன்னேன். பிறகு கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றி, காயில் வாயருகே ஒரு ஆணியை வைத்து, எல்லோரும் தள்ளி நின்று பட்டனை அழுத்தினோம். ஆணி விருட்டென்று உள்ளே பாய்ந்தது.

"இதான் புலமா?"

"இதான்க்கா."

"இதுல என்ன வெளையும்?"

காயிலுக்குள்ளிருந்து ஆணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"சரி, என் ரெண்டு மா இதுல சேராதுன்னு எழுதிக் குடுங்க."

புரொபசர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்தை நான் போடலேன்னுடுவாங்க. ரேகை வைங்க."

டாக்டர் பட்டம் வாங்கியவர் ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அழுத்தினார்.

அதற்குப் பிறகு எந்த நோட்டீசையும் ஒட்டுமுன் பக்கத்து வயலில் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் கேளுங்கள்.

அன்று மத்தியானம் முழு சார்ஜில் போட்டோம். காயில் வெடித்தது. வெளியே ஓடிவந்து பார்த்தேன். கொக்கெல்லாம் கலைந்து பறந்தன. அஞ்சலை அக்கா முந்தானை முடிச்சிலிருந்த காகிதத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, குனிந்து அடுத்த பிடிக் கதிரை அறுத்தார்.