பச்சைச் சாறும் பழவாசனையும்

பிள்ளைகளுக்கு இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் வேலையில் ஊசி கால் பங்குதான், மீதி முக்கால் பங்கும் சொந்தக்காரர்களின் வைத்தியத்தோடு மல்லுக்கட்டுவது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றதும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் யோசனைகளால் நீங்களும் அவதிப்பட்டிருப்பீர்கள். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன்; இங்கே நர்ஸை 'மிஸ்ஸி' என்பார்கள். வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பேன். நான் சொல்லப்போவது எல்லாம் பக்கத்து ஊரான காப்பாரில் ஒரே வீட்டில் நடந்தது.

எறும்பு

யாழினிக்கு எட்டு வயது. அவள் அம்மா கஸ்தூரி முதன்முதலாகக் கூட்டிவந்தபோது பிள்ளை குச்சியாக இளைத்திருந்தாள். எந்நேரமும் தண்ணீர் கேட்கிறாளாம், படுக்கையை நனைக்கிறாளாம். அதையெல்லாம் போகிற போக்கில் சொல்லிவிட்டு, கஸ்தூரி எறும்பைப் பற்றித்தான் பேசினாள். பாத்ரூமில் கறுப்பாக மொய்க்கிறது. மெத்தையை வெயிலில் போட்டால் அங்கேயும் சாரை சாரையாக வருகிறது. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்.

சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது என் காலடியைக் குனிந்து பார்த்தேன்.

"மிஸ்ஸி, சீனி டப்பா தொறந்தே கெடக்கு. அதை விட்டுட்டு எறும்பு என் பிள்ளை பின்னாடிதான் வருது."

விரல்

சிறு வயதிலேயே வரும் சர்க்கரை நோய், இனி இன்சுலின் இல்லாமல் முடியாது என்றானது. உடனே யாழினியின் அத்தை ஒரு வீடியோ அனுப்பினார். பாகற்காய், கீரை, வெள்ளரி, கசப்புத் தெரியாமலிருக்கப் பச்சை ஆப்பிள். அரைத்துத் தினமும் குடித்தால் சர்க்கரை ஓடிவிடுமாம்.

ஒருநாள் நான் போனபோது, ஏழெட்டுக்குள் காட்ட வேண்டிய சர்க்கரை மெஷின் இருபத்துநாலு காட்டியது. கஸ்தூரி பதறிக்கொண்டு ஊசியைக் கூட்டிப் போடப் போனாள். பிள்ளையோ பாட்டு முணுமுணுத்தபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. கேட்டபோது, சாற்றுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தது யாழினிதான் என்று தெரிந்தது; விரலில் பழச்சர்க்கரை ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து வேறு விரலில் குத்தினேன். ஏழு.

யாழினி முதலில் குத்திய விரலைத் தன் உடம்பிலிருந்து எட்டத் தள்ளிப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரோட விரல் மிஸ்ஸி?"

குரல்

ஊசி ஆரம்பித்த புதிதில் சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை தானாகவே இறங்கி நிற்கும். மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச இன்சுலின் கடைசியாக வேலை செய்யும் காலம் அது. யாழினிக்கும் அப்படி இறங்கியது. நல்ல பெயரைச் சாறு தட்டிக்கொண்டு போனது.

வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலன் என்று அத்தை சொல்ல, ஒரு மத்தியானம் ஊசி போட்டு, சாறு கொடுத்து, சோற்றைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கஸ்தூரி போனில் அலறினாள். உடனே சீனித்தண்ணீர் கொடுங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஊரான மேருவில் வேறொரு வீட்டில் இருந்ததால் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன்.

பிள்ளை சுவர் மூலையில் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. குழறலாக, அவளுடையதே அல்லாத ஒரு கனத்த குரலில் சிரித்தாள். அம்மாவைக் காட்டி, "இது யாரு? போவச் சொல்லு," என்றாள். அத்தை வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டுச் சோறு கொடுக்காததால் சர்க்கரை இரண்டுக்கு, ஆபத்தான அளவுக்கு, இறங்கியிருந்தது. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, வீட்டிலிருந்த சிவப்பு சிராப்பை, அதாவது இனிப்புச் சர்பத்தை, கரண்டி கரண்டியாக ஊட்டினேன். மெல்ல மெல்ல முகம் திரும்பி வந்தது. "அம்மா," என்று அழுதாள்.

அத்தை வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பேய் சிராப் குடிச்சிட்டா போவும்? என் வேப்பிலைக்குத்தான் போச்சு லா."

வாசனை

அன்றைக்குப் பயந்த கஸ்தூரி, ஊசிதான் பிள்ளையை அப்படி ஆக்கியது என்று முடிவு கட்டிவிட்டாள். என்னிடம் சொல்லாமல் ஊசியை நிறுத்தி, சாறு மட்டும் கொடுத்திருக்கிறாள். போனையும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் ஒரு காலையில் போனேன்.

கதவைத் திறந்ததும் பழ வாசனை. கனிந்து அளிந்துபோன பழத்தின் வாசனை. சமையல்கட்டில் பழமே இல்லை. பச்சைக் காய்கள்தான் இருந்தன. வாசனை வந்த வழியே நடந்தேன். படுக்கையறைக்குப் போனது. யாழினியின் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கண்மூடிக் கிடந்தாள். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக ஏறி இறங்கியது. பக்கத்தில் ஒரு கிளாஸ் பச்சைச் சாறு.

"வாசம் நல்லாத்தானே இருக்கு? சாறு உடம்புல சேருதுன்னு நெனச்சேன் மிஸ்ஸி," என்றாள் கஸ்தூரி.

இன்சுலின் இல்லாத உடம்பு தன் கொழுப்பையே எரித்து ரத்தத்தை அமிலமாக்கும்போது வரும் வாசனை அது. விளக்க நேரமில்லை. பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பின்சீட்டில் அந்த மூச்சுச் சத்தம் வழி நெடுகக் கேட்டது. அது நின்றுவிடக்கூடாதே என்று மட்டும் கும்பிட்டேன்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது கஸ்தூரி தன் கையாலேயே வேளை தவறாமல் ஊசி போடுகிறாள். பாகற்காய் சோற்றுக்குப் பொரியலாக மட்டும் வருகிறது. வார்டில் கண் விழித்த அன்று யாழினி என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னாள்:

"மிஸ்ஸி, நான் படுத்திருந்தப்ப என் பக்கத்துல யாரோ ஓடிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

பாகற்காய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தான் இன்சுலின் என்று அது ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.