மூச்சை நிறுத்துங்க, பதில் சொல்லாதீங்க

எங்கள் தலைநகரான உலான்பாத்தரில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்து எழுந்த எத்தனையோ பேருக்கு, அங்கே படம் எடுக்கும் ஒயுன்பிலெக்கின் குரல் தெரியும், முகம் தெரியாது. பதினாலு வருடமாக அவர்களை மூச்சை நிறுத்தச் சொன்னது பதிவு செய்து வைத்த அந்தக் குரல்தான். எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் "ஸா" என்று, அதாவது சரி என்று, பதில் சொல்லியாக வேண்டும். மூச்சை நிறுத்து என்றாலும் குழாய்க்குள்ளிருந்து மரியாதையாக ஒரு "ஸா" வரும். படம் கலங்கிப்போகும். கையில் ஏற்றிய மருந்து ஈரலுக்குள் பாய்கிற அந்த அரை நிமிடத்தில்தான் புற்று பளிச்சென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். தலையில் அடித்துக்கொண்டு அவள் பதிவையே மாற்றினாள்: "மூச்சை நிறுத்துங்க. பதில் சொல்லாதீங்க."

நோயாளியிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளைத்தான் டாக்டர் உள்ளே கூப்பிடுவார். இதுவும் எங்கள் பழக்கம்தான், ஆனால் எனக்கு இதில் கோபம் உண்டு. சாகப்போகிறவருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை ஐம்பத்திரண்டில் ஒயுன்பிலெக்கின் ஈரலில் கட்டியாக வந்து நின்றது. ஒன்றே ஒன்று என்றால் வெட்டி எடுத்துவிடலாம். பரவியிருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள். எது என்று எம்.ஆர்.ஐ. சொல்ல வேண்டும்.

அவளுடைய குழாயிலேயே படுத்தாள். அவளுடைய குரலே மூச்சை நிறுத்தச் சொன்னது. அவள் வாயிலும் "ஸா" எழும்பியது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

முடிந்ததும் கையில் ஒட்டிய பஞ்சோடு நேராகப் படம் பார்க்கும் அறைக்குள் போனாள். அங்கே வேலை பார்க்கும் ஸோரிக் திரையை மறைத்து நின்றான்.

"அக்கா, வேணாம். டாக்டர் சொல்லுவாரு."

"யாருகிட்ட? எம் பொண்ணுகிட்டயா? இந்த நாற்காலியில உன்ன உக்கார வச்சதே நான்டா. நகரு."

நகர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

மருந்து பாய்ந்தபோது எடுத்த படத்தில் ஈரலெங்கும் வெளிச்சப் புள்ளிகள். மூன்று நிமிடம் கழித்து எடுத்ததில் அத்தனையும் கறுத்திருந்தன. அத்தனையும் புற்று என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஏழு வரை எண்ணினாள். அதற்கு மேல் முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் அவள் மகள் நோமினை உள்ளே கூப்பிட்டார். நோமின் திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணுதானாம்! சின்னதாம். எடுத்துட்டா தீந்துச்சாம்."

பொய் சொல்லத் தெரியாத பெண். எவ்வளவு கழுவியும் கண் சிவப்பு போகவில்லை.

"அப்படியா? நான் வேற என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்டி."

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்று நோமின் சிரித்தாள்.

பதினாலு வருடம் மற்ற குடும்பங்களில் பார்த்த பொய். அதைத் தன் மகளிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"ஆபரேஷன் என்னிக்காம்?" என்று கேட்டாள். கேட்காமல் விட்டால் மகளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.