நேற்று நட்ட வெள்ளைக் குச்சி

வரி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சாவி வெட்டுகிறவனுக்கும் நடுவே ஓர் அறை. இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே உட்கார்ந்து இருபது வருஷமாக ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவளை எல்லோரும் ‘ரிட்டர்ன் அக்கா’ என்பார்கள். அறுபது வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சொந்த ரிட்டர்னில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்ன, தலைக்கனம் என்றே சொல்லலாம். “என் கை பட்ட காகிதத்துக்கு இதுவரைக்கும் ஒரு நோட்டீஸ் வந்ததில்ல” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். உண்மைதான், வந்ததில்லை. அதிகமாக வரி கட்டுகிறவனுக்கு யாராவது நோட்டீஸ் அனுப்புவார்களா என்ன! அதை அவள் யோசித்ததே இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம். போன வருஷக் கோப்பை இடது பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, வலது பக்கம் புதுப் படிவத்தை நிரப்புவார்கள். எந்த வருமானம் எந்தக் கட்டத்தில் போகும் என்று மறுபடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தொகையை மாற்றினால் போதும். அவளும் அப்படித்தான் எழுதினாள். சீசனில் வாசல் வரை ஆள் நிற்கும்போது வேறு எப்படி எழுத முடியும்?

பட்டாளத்தார் அவளுடைய ஆரம்ப கால வாடிக்கையாளர். ராணுவத்தில் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தவர். வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். இடது கையால் கையெழுத்துப் போட ஒரு முழு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் அவள் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் சொல்லித்தான் மற்ற முன்னாள் சிப்பாய்களும் அவளிடம் வந்தார்கள். ஒருவர் இருவரில்லை, சிப்பாய் அல்லாத ஒருவரையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர். அவள் பிழைப்பில் பாதி அவர் போட்டது.

இந்த வருஷம் படிவத்தை மாற்றிவிட்டார்கள். ஓய்வூதியத்தை மொத்தமாக எழுதக்கூடாது, பிரித்துக் காட்ட வேண்டும், மூல உத்தரவைப் பார்த்து எழுத வேண்டும். பட்டாளத்தார் பிளாஸ்டிக் உறையில் போட்டு உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பது வருஷத்தில் அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் வருஷம் அவர் கொண்டுவந்தது வங்கிச் சீட்டு மட்டும். அதில் ஒரே தொகைதான் இருந்தது.

உத்தரவில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, பார்த்த வேலைக்கான ஓய்வூதியம். அதற்கு வரி உண்டு. இன்னொன்று, பணியில் பட்ட காயத்துக்கான ஊன ஓய்வூதியம். அதற்கு வரியே கிடையாது.

பத்தொன்பது வருஷம் அந்த மனிதர் இழந்த கைக்கு வரி கட்டியிருக்கிறார்! கட்ட வைத்தது அவள். முதல் வருஷம் தெரியாமல் எழுதினாள், மீதிப் பதினெட்டு வருஷமும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். திருத்தலாம் என்றால் சட்டம் கடைசி மூன்று வருஷத்துக்குத்தான் இடம் கொடுக்கிறது. பதினாறு வருஷம் போனது போனதுதான்.

ராத்திரி புருஷனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“இதுல என்ன இருக்கு? புது ரூல் வந்திருக்கு, மூணு வருஷத்துப் பணம் திரும்ப வருதுன்னு சொல்லு. மனுஷன் சந்தோஷமா வாங்கிட்டுப் போவார்.”

“அது பொய்யில்லையா?”

“உண்மையைச் சொன்னா முப்பத்தி நாலு பேரும் ஒரே நாள்ல போயிடுவாங்க. அப்புறம் சாவி வெட்டுறவனுக்கு வாடகைக்கு விட வேண்டியதுதான் உன் ரூமை.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு பட்டாளத்தார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

முன்னறையில் பட்டாளத்தார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த ஒரு ஆள் தரையில் குந்தி அவருடைய ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“வாம்மா வா! இவன் என் மச்சான். பக்கத்துத் தெரு. தினம் காலையில வந்து இந்த வேலையைச் செஞ்சுட்டுத்தான் அவன் டீயே குடிப்பான்” என்றார் பட்டாளத்தார்.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். நின்றபடியே கடகடவென்று கொட்டிவிட்டாள். எந்த வரி, எந்தக் கட்டம், எத்தனை வருஷம், எது திரும்ப வரும், எது வராது, எல்லாம்.

அடுக்களை வாசலில் நின்று கேட்ட பட்டாளத்தார் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பெரியவ டாக்டருக்குப் படிக்கணும்னு அழுதா, அக்கா. வருஷத்துக்கு ஃபீஸ்ல கொஞ்சம் குறைஞ்சுது. கொஞ்சம்தான் குறைஞ்சுது.”

ரிட்டர்ன் அக்காவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

பட்டாளத்தார் முகம் சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அப்புறம் கேட்டார்.

“எப்படிம்மா நடந்துச்சு?”

“போன வருஷத்துப் பேப்பரைப் பார்த்து எழுதிட்டேண்ணே. ஒவ்வொரு வருஷமும்.”

அவர் திரும்பித் தரையில் இருந்த மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் விரல் கயிற்றில் அப்படியே நின்றது.

“என் கை எப்படிப் போச்சுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா உனக்கு?”

“இல்லண்ணே.”

“வெடி எடுத்து முடிச்ச இடத்துல வெள்ளைக் குச்சி நடுவோம். எந்தக் குச்சி எங்கேன்னு ஒரு தாள்ல குறிச்சு வெப்போம். தாள் இவன் பொறுப்பு. ரெண்டு பேரும் ஒரே பிரிவு. ஒரு நாள் மழையில குச்சியெல்லாம் சாஞ்சு போச்சு. காலையில இவன் நிலத்தைத் திரும்ப அளந்து பார்க்காம, முந்தின நாள் தாளைப் பார்த்து மறுபடி நட்டுட்டான். ரெண்டு அடி தள்ளி நட்டுட்டான். நான் வெள்ளைக் குச்சியை நம்பி, வலது கையை ஊணி முட்டி போட்டேன்.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

“தாள் நனைஞ்சு கிழிஞ்சு போச்சு. இவன் வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. விசாரணையில கூடத் தெரியல. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தான், என் கட்டில் பக்கத்துல நின்னான், இப்ப நீ நிக்கிற மாதிரியே நின்னான், நான்தான்னு சொன்னான்.”

“ஆறு வருஷம் நான் இவன் முகத்துல முழிக்கல. என் கூடப் பிறந்தவன்தான். இவர்தான் பிடிச்சு இழுத்துட்டு வந்து பேச வெச்சார்” என்றாள் மனைவி.

ரிட்டர்ன் அக்கா பட்டாளத்தாரையே பார்த்தாள். எதிரே இருப்பவர் மனிதர்தானா! கையைக் காவு கொடுத்தவர், காவு வாங்கியவனைத் தினமும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அந்தச் சின்ன அறையில் அவர் மட்டும் கூரை முட்ட உயர்ந்து நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

“பதினாறு வருஷத்துப் பணத்தை நான் கொடுத்துடுறேண்ணே. மாசா மாசம் கொஞ்சமா” என்றாள்.

“இவன்கிட்ட நான் கையைத் திருப்பிக் கேட்டேனா?” என்றார் பட்டாளத்தார். குரலில் இப்போதுதான் பட்டாளம் தெரிந்தது. “பணம் இருக்கட்டும். நான் உன்கிட்ட அனுப்பின முப்பத்தி நாலு பேர்? அவனுங்க பேப்பரெல்லாம் எதைப் பார்த்து எழுதின?”

அவள் கோப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது பட்டாளத்தார் வாசலில் நின்றார். அன்றிலிருந்து இருபத்தாறு நாள். முப்பத்து நான்கு கோப்பையும் கீழே இறக்கி, ஒவ்வொருவரிடமும் மூல உத்தரவை வரவழைத்து, முதல் வரியிலிருந்து வாசித்தார்கள். அவர் இடது கை விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து நகர்த்துவார். அவசரப்படுத்தினால் முறைப்பார். அவள் “இது எனக்குத் தெரியும்ணே” என்றால், “தெரியும்னுதான் நானும் முட்டி போட்டேன்” என்பார். இப்படித்தான் நிலத்தை விரல் விரலாகத் தடவியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றும். அத்தனை பொறுமையை அவள் தன் ஆயுசில் பார்த்ததில்லை.

ஒன்பது கோப்பில் அதே தப்பு இருந்தது. ஒன்பது வீட்டுக்கும் அவளே போய், நின்றபடியே சொன்னாள். மூன்று பேர் கோப்பை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் ஒரே ஒருவர் சிப்பாய் இல்லை, மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த அரசாங்க லைன்மேன். அவர் கதை தலைகீழ். அவருடைய ஊன ஓய்வூதியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அது ராணுவத்துக்கு மட்டும்தான். ஓய்வு வயது வரும்வரை சம்பளம் மாதிரியே காட்ட வேண்டும். முன்னால் எழுதியவன் காட்டாமல் விட்டிருந்தான், அவள் அவனுடைய காகிதத்தைப் பார்த்து அப்படியே இறக்கியிருந்தாள். இனிமேல் அவர் பாக்கி கட்ட வேண்டும். லைன்மேன் அரைமணி நேரம் திட்டினார். அவள் பரம்பரையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவள் நின்று வாங்கிக்கொண்டாள். “என் கை பட்ட காகிதத்துக்கு” என்கிற பேச்சை அதற்கப்புறம் யாரும் அவள் வாயிலிருந்து கேட்கவில்லை.

பட்டாளத்தாருடைய சொந்தக் கோப்பைக் கடைசியாகத்தான் எடுக்க விட்டார். மூன்று வருஷத் திருத்தமும் இந்த வருஷத்துப் படிவமும் தயார். அவர் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அவள் இந்த முறை வேறெங்கும் பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் வளைந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரிம்மா, வரேன்” என்று எழுந்தவர் வாசலில் தடுமாறினார். இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. அவள் யோசிக்கவே இல்லை. சட்டென்று நடைபாதையில் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

“ஐயய்யோ, என்னம்மா இது? எழுந்திரு! பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“ஆடாம நில்லுங்கண்ணே.”

சாவி வெட்டுகிறவன் அரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பட்டாளத்தார் ஒற்றைக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்.

“ரெண்டு முடிச்சா போடு. மச்சான் ஒரு முடிச்சுதான் போடுவான். தினம் மத்தியானம் அவுந்துடும். இத்தனை வருஷமா நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல.”