பெருமாளுக்கு முதுகு காட்டிய மாமா

முதலில் குடையின் விளிம்பு வரும். பிறகு நெற்றியும் திருமண்ணும். அப்புறம் சற்று நேரம் ஒன்றுமே வராது, கணினி யோசித்துக்கொண்டிருக்கும். காந்தி ரோட்டில் ஒரு மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில், போன் லைன் வழியாக ஒரு புகைப்படம் மேலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்போது என் மகள் கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒரு முகம் வருவதற்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று இவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் அந்த சென்டரிலேயே வெப் டிசைனிங் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்திருந்தேன். நான் செய்த முதல் இணையதளம் என் மாமாவுக்காக. அம்மாவின் தம்பி, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். கருடசேவை அன்று ஊரே பெருமாளைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும். மாமா மட்டும் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவும் கையுமாகக் கூட்டத்தைப் பார்த்து நிற்பார். வருஷா வருஷம் இதே கதை. அதுவும் கறுப்பு வெள்ளை பிலிம்தான். கலரில் எடுத்தால் புடவைதான் தெரியும், மூஞ்சி தெரியாது என்பார். அது உண்மைதான். பட்டு நெய்கிற ஊரில் திருவிழாக் கூட்டம் நின்றால், பார்க்கிறவர் கண் முதலில் பார்டருக்குத்தான் போகும்.

தாத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் கோயிலில் பிரபந்த கோஷ்டியைச் சேர்ந்தவர். பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டே நடப்பவர்களில் முன்வரிசை. தான் பெற்ற பிள்ளையே பெருமாளுக்கு முதுகு காட்டுவதை ஊர் பார்க்கிறதே என்று அவருக்கு மானக்கேடாக இருந்தது. ஒரு கருடசேவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டார். மாமா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"கோஷ்டியும் பெருமாளுக்கு முதுகைக் காட்டிண்டுதானே போறது?"

யோசித்துப் பார்த்தால் தப்பான பேச்சில்லை. தமிழ் முன்னே போகிறது, பெருமாள் அதன் பின்னே வருகிறார் என்பதுதான் எங்கள் சம்பிரதாயம். முன்னே போகிறவரின் முதுகுதானே பின்னே வருகிறவருக்குத் தெரியும்? ஆனாலும் அதை இப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றோடு தாத்தா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே சமையல். இன்னும் கொஞ்சம் மோர் வேண்டுமா என்பதைக்கூட மாமி வழியாகத்தான் கேட்பார். வருஷங்கள் ஓடின. மாமா ஆல்பத்தைக் கொண்டுபோய் ஊஞ்சலில் வைப்பார். தாத்தா அதன்மேல் கை படாமல் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

ஸ்கேனரில் முதல் படத்தை வைக்கும்போது மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அப்பா ஒரு தடவை பார்த்துட்டாப் போறும்மா."

அதற்குப் பிறகுதான் நான் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. வெறும் கூட்டத்தின் முகங்கள் என்று நான் நினைத்திருந்த குவியலில், ஒவ்வொரு வருஷத்திலும் எங்கள் தாத்தா இருந்தார். பழைய படத்தில் குடுமி கருகருவென்று இருந்தது. போகப் போக நரை. எல்லாவற்றிலும் வாய் திறந்து, பாசுரத்தின் நடுவில். பெருமாளுக்கு முன்னால் கோஷ்டி வரும்போது மட்டும் மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்று எடுத்திருக்கிறார். பேச்சு நின்றுபோன பிறகும் மாமா தன் அப்பாவை இப்படி வருஷத்துக்கு ஒருமுறை பிடித்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

தளத்தை வடிவமைத்தது தனிக் கூத்து. படம் எடுப்பாக இருக்கட்டும் என்று நான் பின்னணியைக் கறுப்பாக்கினேன். மாமி வந்து பார்த்துவிட்டு, பெருமாள் விஷயத்துக்கு எதற்கடி இந்தக் கறுப்பு, மங்களகரமாக மஞ்சள் போடேன் என்றாள். சென்டர் நடத்திய பாய்க்கு வேறு கவலை. அவர் குடும்பம் ஜரிகை வியாபாரத்தில் இருந்தது. "இன்னாமா, பட்டு ஊர்ல உக்காந்துக்கினு கறுப்பு வெள்ளை போட்டுக்கினு இருக்கே? யார்மா பார்ப்பாங்க?" என்றார். ஓரத்தில் ஒரு மயில் ஆடட்டும், மேலே வரவேற்பு வாசகம் ஓடட்டும் என்றும் யோசனை சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இளஞ்சாம்பல் நிறத்தில் முடித்தேன். மயில் கிடையாது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

தளம் வந்துவிட்டது, தாத்தாவை எப்படிப் பார்க்கவைப்பது என்றுதான் தெரியவில்லை. கோஷ்டிக்காரர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். அதில் ஒரு பையன் தளத்தைப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவிடம் போனில் சொல்ல, அவர் தாத்தாவிடம், தேவரீரை அமெரிக்காவில் எல்லாரும் சேவிக்கிறாளாமே என்று சீண்டியிருக்கிறார். தாத்தா சில நாள் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி இருந்தார். பிறகு ஒரு சாயங்காலம், ஷேர் ஆட்டோ பிடித்து, மாடிப்படி ஏறி, சென்டருக்கே வந்துவிட்டார்.

நான் சத்தமில்லாமல் மாமாவுக்குப் போன் செய்துவிட்டு, படத்தைத் திறந்தேன். குடை வந்தது. நெற்றி வந்தது. "திருமண் கோணலா இருக்கே" என்று முணுமுணுத்தார். அடுத்தடுத்த வருஷங்கள் வந்தன. கூட்டத்தில் நின்றிருந்த, இப்போது உயிரோடு இல்லாத சிலரைத் திரையில் விரலால் தொட்டார். கடைசிப் படம் முடிந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கீழே மாமா ஸ்கூட்டர் டயரை அழுத்திப் பார்ப்பதுபோல் குனிந்து நின்றிருந்தார். தாத்தா அவர் எதிரில் போய் நின்றார்.

"ஏன்டா, நான் வாயைத் திறந்துண்டிருக்கறச்சேதான் எடுக்கணுமா?"

மாமா நிமிர்ந்தார். தாத்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இணையத்தில் நான் தளம் வைத்திருந்த இலவச இடத்தை என்றோ மூடிவிட்டார்கள். தாத்தாவும் போய்விட்டார். அவர் சென்டருக்கு வந்துபோன அடுத்த வருஷக் கருடசேவையில் மாமா எடுத்த ஒரு படம் மட்டும் என் வீட்டில் இருக்கிறது. நானும் அன்று மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கோஷ்டி நெருங்கி வந்தது. தாத்தா பாசுரத்தில் ஓர் எழுத்து விடமாட்டார், மூச்சு முட்டினாலும் விடமாட்டார். எங்களுக்கு நேராக வந்தபோது ஒரு கணம் நிறுத்தினார். படத்தில் முன்வரிசை முழுக்க வாய் திறந்திருக்கிறது. தாத்தா மட்டும் வாயை மூடிக்கொண்டு, தன் பிள்ளையை நேராகப் பார்க்கிறார்.