பீட்டரின் படிவம்

பாக்கியமேரி நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கன்வாடி டீச்சர் சுதா இரண்டு படிவங்களோடு வந்தாள். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்களாம். ஆளுக்கொன்று நிரப்பித் தர வேண்டும். இரண்டாவது படிவத்தில் பீட்டரின் படம் அச்சாகியிருந்தது. அடர்ந்த மீசை, லேசாகச் சாய்ந்த தலை.

மேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள். போர்வெல் லாரியில் வேலைக்குப் போன புருஷன். கர்நாடகாவில் எங்கோ டீ குடிக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்றார்கள். ஒன்பது வருஷமாகிறது. வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் ஒரு மழையில் ஊறிப்போயிருந்தது.

"இறந்துட்டாரா, வேற ஊருக்குப் பூட்டாரா, காணலையா? ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா," என்றாள் சுதா.

"ரெண்டு நாள் டைம் குடு டீச்சர்."

மறுநாள் மானாம்பதி டீக்கடையிலும் இதே பேச்சுதான். கட்சி சார்பில் பூத்தில் உட்காரும் சுகுமார் கொதித்தான். "டில்லியில உக்காந்துகினு ரூல் போடறான். நம்மூர்ல யாரு கீறாங்கன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

"செத்தவன் பேர்ல ஓட்டு வுழுதே, அத்த யாரு கேக்கறது?" என்றார் கடைக்காரர் கன்னியப்பன்.

மேரியைக் கண்டதும் சுகுமார் குரலைத் தணித்தான். "பீட்டர் வூட்லதான் கீறான்னு கையெழுத்துப் போட்டுக் குடு மேரி. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்கிறான் என்று காகிதத்திலாவது இருக்கட்டுமே! அன்று உலை வைக்கும்போது கை தானாக இன்னொரு ஆழாக்கு அரிசியை அள்ளிப் போட்டது.

ஆனால் சுதா வந்ததும் அவள் சொன்னது வேறு.

"வூட்லதான் கீறார்னு எழுதிட்டா, அப்புறம் அவர யாரு டீச்சர் தேடுவாங்க? செத்துட்டார்னும் எழுதாத. காணலன்னு எழுது."

பட்டியல் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில், நீக்கப்பட்டவர்களில் பீட்டரும் இருந்தான். காரணம்: கண்டறிய இயலவில்லை. மேரி எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"திரும்பி வந்தா சேத்துக்குவாங்களா?"

"வந்து ஒரு ஃபாரம் குடுத்தா போதும்க்கா," என்றாள் சுதா.

தேர்தலன்று மேரி வெயிலுக்கு முன்பே போய் வரிசையில் நின்றாள். உள்ளே வெளியூர் அலுவலர் ஒருவர் பட்டியலை விரலால் தடவிப் பார்த்து, "பாக்கியமேரி, கணவர் பெயர் பீட்டர்," என்று வாசித்தார்.

இரண்டு பெயரையும் சேர்த்து ஒருவர் சொல்லி அவள் கேட்டு எத்தனை காலம்!

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் உரக்கப் படித்தார்.

"ஆமா சார், நான்தான்," என்று மேரி மை வைக்க விரலை நீட்டினாள்.